மந்தகதி ரசிகர்

பாட்டுக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் ஒரு வகை. தொடையில் தாளம் போடுகிறவர்கள் இன்னொரு வகை. கேட்டபடியே தூங்கிவிடுகிறவர்கள் மூன்றாம் வகை, அவர்களே பெரும்பான்மை. இந்த மூன்றிலும் சேராத ஒரு பிறவியை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். மந்தகதி ரசிகர். பாட்டு எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவுக்கு இவரிடம் அதற்கு மதிப்பு. அறவே நகராமல் நின்றுவிட்டால் கண் கலங்குவார்.

இவருடைய இசைக்கு டூம் மெட்டல் என்று பெயர். கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன்: மின்கிட்டாரின் சுருதியை இறக்கக்கூடிய மட்டும் இறக்கி, ஒரு தட்டுத் தட்டி, அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, எல்லாரும் சாகத்தான் போகிறோம் என்று அடித்தொண்டையில் ஒருவர் அறிவிக்க, பிறகு இன்னொரு தட்டுத் தட்டுவது. வெயிலையே மறந்துபோன ஏதோ பனி நாட்டில் உட்கார்ந்து இதைக் கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடொன்றில், கீழே சந்தையில் மீன்காரர் கூவிக்கொண்டிருக்கும்போது, சன்னலை இழுத்துச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு (அது ரொம்ப வேகமாகச் சுற்றுகிறதாம்), கறுப்புச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, ஒருவர் பனிப்புயலை நினைத்து வருந்துவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

அவர் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. பழகியவர்களுக்கு ஸ்கந்தா. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு சூப்பர்வைசர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினால், டிரைவர் போடும் சினிமாப் பாட்டுக்கு மற்றவர்கள் சீட்டில் குலுங்கும்போது, இவர் மட்டும் பிணவண்டியில் போகிறவர்போல் வெளியே பார்த்தபடி வருவார்.

தப்பித் தவறி அவரிடம் நீங்கள், "அண்ணே, நானும் ஒரு டூம் கேசட் கேட்டேன், நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொள்வார்.

"எந்த ஆல்பம்?"

"ரெண்டாவது ஆல்பம்ணே."

"ரெண்டாவதா? அதுல அவங்க ஓட ஆரம்பிச்சிட்டாங்க தம்பி. முதல் ஆல்பம்தான் ஆல்பம். அதுக்கு முன்னாடி ஒரு டெமோ கேசட் இருக்கு. அதுல ஒரு பாட்டு ஆரம்பிக்கவே இல்ல. அதான் கலை."

இரண்டு பேருக்கு மேல் கேட்ட இசைக்குழு இவர் கணக்கில் விலைபோய்விட்ட குழு. சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்ட குழு செத்த குழு. இவர் உயிரையே வைத்திருந்த பின்லாந்துக் குழு ஒன்று உண்டு. அதன் பெயரை அவரே ஒரு தடவை உச்சரித்ததுபோல் மறுதடவை உச்சரித்ததில்லை. அவர்களுடைய கேசட்டுகள் தபாலில் வந்து சேரும். யாருக்கும் கடன் கொடுக்கமாட்டார். பிரதி எடுக்கவும் விடமாட்டார். கேட்க வேண்டுமானால் அவர் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, அவருடைய பழைய ரேடியோ கேசட் பெட்டியில்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது முறுக்குக் கடிக்கக்கூடாது.

அப்படி வந்து உட்கார்ந்து சீடர்களானவர்கள் இருவர். ஒருவர் இராயப்பன், மாதா கோவிலில் ஆர்கன் வாசிப்பவர். அடக்கப் பூசைகளில் கை பழகிவிட்டதால் மெதுவாக வாசிப்பது அவருக்கு இயல்பாகவே வரும். மற்றவர் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த இப்ராஹிம். டிரம்ஸ் வைத்திருந்தார் என்பதே அவருடைய தகுதி. ஸ்கந்தா கிட்டார், இராயப்பன் பேஸ் கிட்டார் என்று மூவரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, பட்டறையை மூடிய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பாட்டைப் பல மாதமாகப் பயிற்சி செய்தார்கள். பாதிவரை வந்திருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஸ்கந்தாவுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி புஷ்பராணி தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், கலகலப்பான பெண். கணவர் சிரித்து அவர் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட மாப்பிள்ளையின் முகம் இரங்கல் விளம்பரத்துக்கு உகந்ததாகவே இருந்தது. மனிதரை எப்படியாவது சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட புஷ்பராணி, அவருடைய பிறந்தநாளுக்கு, பளபளவென்று இரட்டை டெக் வைத்த புதிய கேசட் பெட்டி ஒன்றை வாங்கிவந்து வைத்தார். பழையதை எதிர்வீட்டுக் கமலாம்பிகை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை ஸ்கந்தா பின்லாந்துக் கேசட்டைப் புதுப் பெட்டியில் போட்டார். சீடர்கள் தலைகுனிந்தார்கள்.

என்ன சொல்ல! கிட்டார் துள்ளியது. டிரம்ஸ் குதித்தது. அடித்தொண்டைப் பாடகர் ஒரு நல்ல செய்தியைச் சொல்ல ஓடி வருகிறவர்போல் மரண அறிவிப்பு செய்தார். இப்ராஹிமின் கால் தானாகவே ஆட ஆரம்பித்து, அவர் அதைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

ஸ்கந்தா வேறு கேசட்டைப் போட்டார். அதுவும் துள்ளியது. சுவீடன் துள்ளியது. இங்கிலாந்து துள்ளியது.

"வித்துட்டானுங்க" என்றார் ஸ்கந்தா, சுவரில் சாய்ந்து.

"யாருண்ணே?"

"எல்லாரும். ஒரே நாள்ல எல்லாரும் விலைபோயிட்டாங்க, இராயப்பா."

"அது எப்படிண்ணே முடியும்? இது பழைய கேசட்லா!" என்றார் இப்ராஹிம். குரு பார்த்த பார்வையில் அவர் கேசட் உறையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

ஸ்கந்தா சாப்பாட்டைக் குறைத்தார். தொழிற்சாலையில் நல்ல சிப்புகளையெல்லாம் நிராகரித்தார். பரிசைப் பார்த்து முகம் மலர்வார் என்று காத்திருந்த புஷ்பராணி, சமையலறையில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு அடுத்தவர் துக்கம் எங்கே தெரிகிறது?

அந்த வாரமே கமலாம்பிகை அக்கா பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

"கோவிச்சுக்காத புஷ்பா, இது எனக்கு வேணாம்லா. இதுல சாமி பாட்டுப் போட்டா, பாடுற அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு. முருகனைக் கூப்பிட ஆரம்பிச்சாங்கன்னா 'மு'விலேயே நிக்கிறாங்க. நான் துணி காயப்போட்டுட்டு வந்தாலும் 'ரு' வரல."

புஷ்பராணிதான் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே மோட்டாரோடு சேர்ந்து கேசட்டைச் சுழற்றும் ரப்பர் பட்டை, பழைய பாவாடை நாடாவைப்போல் தொளதொளவென்று தொங்கியது. ஸ்கந்தா அந்தப் பெட்டியை ரோப் வாக் பழைய சாமான் சந்தையில் வாங்கிய நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஏங்க, அவங்க யாரும் மாறலங்க" என்றார் புஷ்பராணி, கூடியமட்டும் மென்மையாக. "அவங்க எப்பவுமே இந்த வேகத்துலதான் வாசிச்சிருக்காங்க. நம்ம பொட்டிதான் மெதுவா ஓடியிருக்கு."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? அசடு வழிவான். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போவான். ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருப்பது மந்தகதி ரசிகரையல்லவா? அவர் அந்தத் தொளதொளத்த ரப்பரை நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"அப்போ உலகத்துல யாருமே இன்னும் சரியா வாசிக்கல, புஷ்பா. நாங்கதான் வாசிக்கணும்."

வாய்ப்பும் தேடி வந்தது. தொழிற்சாலையின் ஆண்டு விருந்துக்கு ஏற்பாடாகியிருந்த பாட்டுக் கோஷ்டி கடைசி நேரத்தில் வரமுடியாது என்று சொல்லிவிட, பணியாளர் பிரிவு ஹபீபா பீவி ஓடி வந்தார்.

"தம்பி, நீங்க பேண்ட் வச்சிருக்கீங்களாமே? ஒரே ஒரு பாட்டு போதும்லா. நல்லா சந்தோஷமா!"

"சந்தோஷம் எங்க லைன் இல்லக்கா."

"ஏதோ ஒண்ணு வாசிங்க தம்பி. ஒரு பாட்டு, எவ்ளோ நேரம் ஆகிடப்போகுது?"

பாயான் பாருவில் ஒரு சீன உணவகத்தின் மாடி. வட்ட மேசைகள், சிவப்பு விரிப்பு, குலுக்கல் பரிசாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. கறுப்பு உடையில் மூவரும் மேடையேறினார்கள். இப்ராஹிம் ஒரு அடி அடித்தார். ஸ்கந்தா ஒரு தட்டுத் தட்டினார். பிறகு மூவரும் தலைகுனிந்து காத்திருந்தார்கள். மண்டபத்தில் பேச்சு அடங்கியது. இராயப்பனின் பேஸ் கிட்டாரிலிருந்து அடக்கப் பூசையின் சாயலோடு ஒரு நாதம் எழுந்து, தரையோடு தரையாகப் பரவியது. மறுபடியும் மௌனம்.

முதல் மேசையில் இருந்த ஆலையின் பெரிய மேலாளர் மிஸ்டர் ஊய் நிலைமையை நன்றாகவே புரிந்துகொண்டார். உதட்டைத் துடைத்து, நாப்கினை வைத்துவிட்டு, எழுந்து நின்று தலைகுனிந்தார். அவர் நின்றதும் மேலாளர்கள் நின்றார்கள். அவர்கள் நின்றதும் சூப்பர்வைசர்கள் நின்றார்கள். கடைசியில் மண்டபம் முழுவதும் நாற்காலிகளைப் பின்தள்ளி எழுந்து நின்றது. ஆவியில் வெந்த மீனை ஏந்தி வந்த பரிமாறுகிறவர்கள் தட்டோடு அப்படியே நின்றார்கள். பாட்டு நடந்தது. அல்லது, நின்றது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இப்ராஹிம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். மீன் ஆறியது. யாரோ ஒரு பெண் விசும்பினாள். அவளைப் பார்த்துப் பக்கத்து மேசையிலும் விசும்பினார்கள். இறந்தவர் யாரென்று தெரியாமலே, நல்ல மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பாட்டு முடிந்ததும் மிஸ்டர் ஊய் மேடைக்கே வந்து, ஸ்கந்தாவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, தழுதழுத்த ஆங்கிலத்தில் கேட்டார், "என் ஆழ்ந்த அனுதாபங்கள். காலமானது யார்?"

ஸ்கந்தா பொய் சொல்லத் தெரியாதவர்.

"இன்னும் யாரும் இல்லை, சார்."

மிஸ்டர் ஊயின் கண்கள் நிறைந்துவிட்டன. வேண்டிய மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

ஹபீபா பீவி புஷ்பராணியைத் தனியாக இழுத்து, "உங்க வீட்ல யாருக்கும்மா முடியல?" என்று கேட்டார்.

"அவருக்குத்தான் அக்கா" என்றார் புஷ்பராணி. "ரொம்ப வருஷமா."

மேடையிலிருந்து இறங்கி வந்த ஸ்கந்தா, கல்யாணம் ஆன நாள்முதல் முதன்முறையாக, பல் தெரியச் சிரித்தார். "பாத்தியா புஷ்பா? மொத்த மண்டபமும் எழுந்து நின்னுச்சு. பின்லாந்துல எவனுக்காவது நின்னிருப்பாங்களா?" புஷ்பராணி தலையைக் குனிந்துகொண்டு, "இல்லங்க" என்றார். தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து ஸ்கந்தா முதுகைத் தடவிக் கொடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு டூம் மெட்டல் பிடிக்காது; நிம்மதி. ஆனால் காப்பியோ கர்நாடக சங்கீதமோ கரப்பான்பூச்சி மருந்தோ, ஏதோ ஒன்றைப் பற்றி நீங்கள் நெடுநேரம் விளக்கும்போது, உங்கள் வீட்டில் ஒருவர் பதில் பேசாமல் தலைகுனிந்து நிற்பது உண்டல்லவா? அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தோள்களைக் கவனியுங்கள்.