பந்துவீச்சாளர் கையில் மட்டையைத் திருப்பிக் கொடுங்கள்

சின்சினாட்டி,
மே மாதம், ஞாயிறு மதியம்.

கிளீவ்லேண்டில் வாழும் மதிப்பிற்குரிய மைத்துனர் ஸ்டான்லி வொய்சிக் அவர்களுக்கு, உம் தங்கையைக் கட்டிய எல்மர் ஹாஃப்ஸ்டெட்டர் எழுதிக்கொள்வது. இங்கு என் முழங்காலைத் தவிர யாவரும் நலம். உமது முதுகுவலியின் நலமறிய ஆவல்.

நிற்க. பேஸ்பாலில் உங்கள் ஊர் அணி ஆடும் லீக்கில் 1973-லேயே கொண்டுவந்த அந்த அநியாய விதி இந்த வருஷம் எங்கள் தலையிலும் விடிந்துவிட்டது. பந்துவீச்சாளர் இனி மட்டை பிடிக்க வேண்டாமாம். அவருக்குப் பதிலாக ஒரு தடியன் வந்து அடிப்பானாம். அடித்துவிட்டு, களத்தில் ஒரு பந்தைக்கூடப் பொறுக்காமல், உள்ளே போய் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பானாம். பந்தியில் சாப்பிட ஒருத்தன், பாத்திரம் கழுவ இன்னொருத்தன் என்றால் அது என்ன விளையாட்டு?

சரி, இத்தனை வருஷம் இந்த விதிக்காக என்னோடு வாதாடிய நீர் ஜெயித்துவிட்டீர். ஜெயித்தவர் போன் போட்டுக் கெக்கலிக்க வேண்டாமா? தோற்றவன் தானாகப் போன் போடுவது நம் இருவருக்கும் வழக்கமில்லை. அதனால் போன் பக்கத்திலேயே காத்துக் கிடந்தேன். தவக்கால வெள்ளிக்கிழமை கோயிலில் மீன் வறுவல் விருந்து, அதற்கும் போகவில்லை. பக்கத்து வீட்டு டொலோரஸ் அம்மாள் பாவம் பார்த்து ஒரு தட்டு மீன் கொண்டுவந்தார். வந்தவரை விடுவேனா? விதியைப் பற்றி வாதத்துக்கு இழுத்தேன். "யாரு அடிச்சா என்ன எல்மர், மீனு ஆறுது, சாப்பிடுங்க" என்று போய்விட்டார். முடிவெட்டுகிறவரிடம் போனால், "நீங்க சொன்னா சரிதான் சார்" என்கிறார், மச்சான்! எதைச் சொன்னாலும் சரி என்கிற மனுஷனோடு எப்படி மல்லுக்கட்டுவது? கடைசியில் ஒருநாள் போன் அடித்தது. நீர்தான் என்று விழுந்தடித்து ஓடி, முழங்காலைக் கதவில் இடித்துக்கொண்டு எடுத்தால், கூரை பழுதுபார்க்கும் கம்பெனிப் பெண். "சார், உங்க கூரை எப்படி இருக்கு?" "கூரை கெடக்கட்டும்மா, பந்து வீசுறவன் மட்டை பிடிக்கணுமா வேண்டாமா, அதச் சொல்லு." என் கட்சியை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "இன்னொரு லைன்ல ஆள் காத்திருக்காங்க சார்" என்று அவளே வைத்துவிட்டாள். விற்க வந்தவளே வைத்துவிட்டு ஓடிய போன் இந்த ஊரில் என்னுடையதாகத்தான் இருக்கும்.

எங்கள் பந்துவீச்சாளர்களுக்கு மட்டை பிடிக்கத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். எலி விரட்டுகிற மாதிரிதான் மட்டையை வீசுவார்கள். அவுட்டாகித் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்புவதற்குள் இங்கே போன் அடிக்கும். "எடுங்க, எங்கண்ணனாத்தான் இருக்கும்" என்று பெர்னடீன் அடுக்களையிலிருந்து கத்துவாள். "என்ன மாப்ள, உங்க ஆளு காத்துக்கு விசிறி விடுறாரா?" என்று நீர் சிரிப்பீர். அவள் கண்ணை மூடிய பிறகும் அந்த போன் நிற்கவில்லை. அவளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நமக்கு அது வராது. ஆனால் வைக்கும்முன் "சாப்டாச்சா?" என்று ஒருமுறை கேட்பீர். இப்போது பந்துவீச்சாளர் மட்டை பிடிப்பதில்லை, நீர் சிரிக்க ஒன்றுமில்லை, போனும் வருவதில்லை. ஆட்டம் பார்க்கிறேன், முடிந்ததும் டிவியை அணைக்கிறேன், அதற்கப்புறம் வீட்டில் ஒரு குரல் கிடையாது. எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது, மச்சான்.

ஆகவே இந்த விதியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பதே என் முடிந்த முடிவு. தலைகீழாக நின்றாலும் இதிலிருந்து நகர மாட்டேன்.

உமக்கும் உம் நாய்க்கும் என் அன்பு. ஆண்டவர் உம் முதுகையும், வேறு வழியில்லாமல் உங்கள் அணியையும் காப்பாராக.

இப்படிக்கு,
எல்மர்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். கடிதத்தை மடிக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அது மிக நல்ல விதி. பந்துவீச்சாளர் மட்டையைத் தொடவே கூடாது. நான் கட்சி மாறிவிட்டபடியால், இனி அந்த விதியை எதிர்க்க வேண்டியவர் நீர்தான். சீக்கிரம் போன் போட்டு எதிர்க்கவும். நான் வீட்டில்தான் இருப்பேன்.