நூல்வலம் வந்த பௌர்ணமி

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கிளை நூலகர் ராஜேந்திரன். வாசகர் வட்டத் தலைவர் சக்திவேல், லாட்ஜ் உரிமையாளர். நூலக உறுப்பினர் அட்டை இன்னும் வாங்கவில்லை. துணைத் தலைவி ஆதிலட்சுமி, யோகா ஆசிரியை. ஸ்டாண்டில் ஒரு செல்போன், படம் எடுப்பதற்காக. கைசர் ஜஹான், மூலையில் படித்துக்கொண்டிருந்தார், ஆகவே பார்வையாளர்.

உலகில் எத்தனையோ புரட்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றில் எதிலும் எலுமிச்சை சாதம் போட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெருமை, திருவண்ணாமலை கிரிவலப் பாதையோரத்துக் கிளை நூலகம் ஒன்றில் நடந்த 'வயது வந்தோர் வாசிப்பு எழுச்சி'க்கே சேரும்.

எழுச்சிக்குக் காரணம் மேலிடத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கை. 'வயது வந்தோருக்கான நிகழ்ச்சிகளை நடத்தி, பங்கேற்பாளர் எண்ணிக்கையைப் படத்துடன் அனுப்புக' என்றது அது. புத்தகம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. ராஜேந்திரன் இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு நிம்மதியடைந்தார்.

அந்த நூலகத்துக்கு ஏற்கனவே வயது வந்தவர் ஒருவர் வந்துகொண்டுதான் இருந்தார். கைசர் ஜஹானுக்கு நாற்பத்து நான்கு வயது. நர்சரி பள்ளியில் ஆயா. பத்தாவது பாஸ் செய்தால் அட்டெண்டர் வேலை, இந்த வருஷமே செய்ய வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் என்று தாளாளர் சொல்லியிருந்தார். மற்ற பாடங்களை எழுதி முடித்துவிட்டாள். அறிவியல் மட்டும் பாக்கி. அதற்கு இன்னும் பத்து நாள். வீட்டு வாசலிலேயே கணவர் அஸ்பாக்கின் வெல்டிங் பட்டறை. அந்தச் சத்தத்தில் மின்னோட்டவியல் பாடத்தைப் படித்தால் மின்சாரம் மட்டும்தான் புரியும், பாடம் புரியாது. எனவே மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்துவிடுவாள். ஆறு மணிவரை தலை நிமிர மாட்டாள். எழுச்சிக்கு இது பெரும் இடையூறாக இருந்தது.

திங்கட்கிழமை 'மன அழுத்தம் போக்கும் யோகா'. மேஜைகளைச் சுவரோரம் தள்ளினார்கள். கைசர் ஜஹான் ஓம் விதியைத் தூக்கிக்கொண்டு நாளிதழ் ஸ்டாண்டுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை 'சிறுதானிய லட்டு செய்முறை விளக்கம்'. நாளிதழ்கள்மீது வரகு மாவு காய்ந்தது. அவள் படிக்கட்டுக்குப் போனாள். புதன்கிழமை 'செல்போன் இல்லாத வாழ்க்கை' என்ற கருத்தரங்கு, முழுவதும் செல்போனில் நேரலை. படிக்கட்டில் ஸ்பீக்கர் வைத்தார்கள். அவள் கழிவறைச் சுவரின் நிழலுக்குப் போனாள். மின்தடை அதிகமானால் மின்னோட்டம் குறையும் என்று பாடத்தில் இருந்தது. அதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவளை யாரும் ஒதுக்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவளுக்கு இடம் இருந்தது.

"கைசரம்மா, கொஞ்சம் வந்து குந்துங்க. போட்டோல ஆளு கம்மியா தெரியுது," என்பார் ராஜேந்திரன்.

"இப்பதானே சார் வந்து குந்திட்டுப் போனேன்."

"அது இந்தப் பக்கம். இப்ப அந்தப் பக்கம். புத்தகத்தைக் கீழ வெச்சிடுங்க, மூஞ்ச மறைக்குது."

இப்படியாக மூன்றே நாளில் கைசர் ஜஹான் ஒருத்தி நாற்பத்தொரு பங்கேற்பாளர்களாக வளர்ந்தாள். ஒரு நூலகம் ஒரு மனுஷியை இதைவிட வளர்த்துவிட முடியாது.

வியாழக்கிழமைக் கூட்டம் கூடியது அந்த நாற்பத்தொன்று போதாது என்பதற்காகத்தான்.

"சனிக்கிழமை பௌர்ணமி," என்றார் சக்திவேல். "வாசல்ல லட்சம் பேரு நடக்கறான். நாம இன்னாத்துக்கு ஆளு தேடறோம்? பீரோவெல்லாம் நடுவுல போடுங்க. கதவைத் தொறந்து வைங்க. மலையைச் சுத்தறவங்க அப்படியே பீரோவையும் ஒரு சுத்து சுத்திட்டுப் போவட்டும். எலுமிச்சை சாதம் நான் போடறேன்."

"படிக்க வேணாமாங்க?" என்றாள் ஆதிலட்சுமி.

"சுத்தினா போதும்மா. மலையை மட்டும் ஏறியா பாக்கறாங்க?"

ராஜேந்திரன் குறிப்பேட்டில் 'நூல்வலம்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

மூலையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "சார், சனிக்கிழமை நான் எங்க குந்தறது?"

"நீங்க வாசகர்மா," என்றார் ராஜேந்திரன். "உங்களுக்கு இல்லாத உரிமையா? எங்க வேணா குந்தலாம். இடந்தான் இருக்காது."

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. கைசர் ஜஹான் ஒரு மணிக்கே வந்துவிட்டாள். நடுக் கூடத்தில் ஆறு பீரோக்கள் முதுகோடு முதுகாக நின்றன. இரண்டு பீரோக்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் இடைவெளி இருந்தது. அதற்குள் நாற்காலியைச் செருகி உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். யாரும் தள்ள முடியாத இடம் அது ஒன்றுதான்.

இரண்டு மணிக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. வாசலில் செருப்புகள் குவிந்தன. முதலில் நுழைந்தவர் கீழ்பென்னாத்தூர் சரோஜா. வேர்க்கடலை அறுவடை முடிந்து, வேண்டுதலோடு நடந்து வந்தவர். ஒரு சுற்று சுற்றிவிட்டு ராஜேந்திரனிடம் கை நீட்டினார்.

"விபூதி குடுங்க சாமி."

ராஜேந்திரனிடம் விபூதி இல்லை. ஆனால் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது சுற்றறிக்கைக்கு விரோதம் என்று தோன்றியது. புத்தகத்தில் குத்தும் தேதி முத்திரையை எடுத்து உள்ளங்கையில் குத்தினார். சரோஜா கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"இது இன்னா தேதிங்க?"

"இந்தத் தேதிக்குள்ள திருப்பித் தரணும்."

"எதைங்க?"

ராஜேந்திரன் யோசித்தார். "அடுத்த ஆளு வாங்க," என்றார்.

மூன்று மணிக்குள் நானூறு உள்ளங்கைகள் ஊதா நிறமாகிவிட்டன. அப்போதுதான் யாரோ ஒருவர் பீரோ இடுக்கில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கவனித்தார். குனிந்த தலை. அசையாத உடம்பு. உதடு மட்டும் லேசாக முணுமுணுத்தது. எதிரில் எலுமிச்சை சாதம் போனாலும் பார்வை போகவில்லை.

நூலகத்தில் ஒருவர் படிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. ஆனால் இந்த ஊரில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும்.

"பேசாதீங்க," என்றார் சரோஜா, குரலைத் தாழ்த்தி. "அம்மா மௌனத்துல இருக்காங்க."

பேச்சு அடங்கியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள். நானூறு பேர் பாதம் ஓசைப்படாமல் சுற்றினார்கள். ஒரு வாரமாக அந்த நூலகத்தில் கிடைக்காத அமைதி நானூறு பேர் வந்த பிறகு கிடைத்தது. கைசர் ஜஹான் மின்னோட்டவியலை முடித்து அடுத்த பாடத்தைப் புரட்டினாள்.

நான்கரை மணிக்கு ஆய்வு அதிகாரி மாறன் வந்தார். பார்த்தார். கண் கலங்கினார்.

"இதுதான்யா நூலகம். அந்தம்மா யாரு?"

"மௌன நிலைங்க சார்," என்றார் சக்திவேல். ராஜேந்திரனுக்கு உண்மை தெரியும். எண்ணிக்கையும் தெரியும். எண்ணிக்கை பெரியதாக இருந்தது.

"தினமும் மூணுலருந்து ஆறு வரைக்கும் இப்படியே உக்கார வைங்க. 'மௌன சங்கமம்'னு பேரு வைங்க. அந்த நேரத்துல வாசகருங்க யாரையும் உள்ள விடாதீங்க. அப்புறம், அவங்க கையில புத்தகம் எதுக்கு? பக்கம் திருப்பற சத்தம் ஜாஸ்தியா இருக்கு. வாங்கி வெச்சிடுங்க."

ராஜேந்திரன் இடுக்கில் தலையை நீட்டினார். "கைசரம்மா, புத்தகத்தைக் குடுங்க. நீங்க சும்மா குந்தினா போதும். அடுத்த பௌர்ணமிக்குத் திருப்பித் தரேன்."

"வர்ற வியாழக்கிழமை பரீட்சை சார்."

கூட்டம் நின்றது.

"அம்மா பேசிட்டாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"வர்ற வியாழக்கிழமை பரீட்சைன்னாங்க."

"யாருக்கு?"

"நம்ம எல்லாருக்குந்தான் போல."

சரோஜா உள்ளங்கையைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதே," என்றார், பயத்தோடு.

மாறன் பூரித்துப்போனார். "வாக்கே குடுத்துட்டாங்க. எல்லாரும் வெளிய வாங்க. நூலக போர்டு தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்துடலாம்."

நானூறு பேரும் வெளியே நகர்ந்தார்கள். சக்திவேல் நகர்ந்தார். ஆதிலட்சுமி முடியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தாள். கடைசியாக ராஜேந்திரன்.

"நீங்கதாம்மா நடுவுல நிக்கணும். சீக்கிரம் வாங்க. புத்தகம் வேணாம்."

"நீங்க முன்ன போங்க சார்."

அவர் வெயிலில் இறங்கினார். மாறன் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "எங்கய்யா அந்தம்மா? உள்ள இன்னா பண்றாங்க?"

"படிக்கறாங்க சார்." முப்பது வருஷ சர்வீஸில் இல்லாத வழக்கமாக, யோசிப்பதற்கு முன்பே உண்மை வெளியே வந்துவிட்டது.

மாறனின் முகம் இறுகியது. "படிக்கறாங்களா? நிகழ்ச்சி நடக்கறப்பவா? நூலகத்துக்குள்ள படிக்கச் சொல்லி யாருய்யா அனுமதி குடுத்தது?"

ராஜேந்திரன் பதறித் திரும்பினார். வாசற்படியில் கைசர் ஜஹான் நின்றிருந்தாள், ஒரு விரலைப் பக்கத்தில் அடையாளம் வைத்தபடி. வெளியே நின்ற வாசிப்பு எழுச்சியை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். பிறகு அவருடைய மூக்குக்கு நேரே இரண்டு கதவுகளையும் சாத்தி, கதவில் தொங்கிய நூலகப் பூட்டை எடுத்து உள்பக்க நாதாங்கியில் மாட்டி அழுத்தினாள்.