ஏழு பட்டங்களும் ஒரு சட்டக்காரரும்

மகளைக் கல்லூரியில் சேர்ப்பதில்லை என்று சட்டக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தார். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. துப்பிவிட்டு வந்து அறிவித்தார்.

சட்டக்காரர் என்றதும் நீதிமன்றம், கறுப்புக் கோட்டு என்றெல்லாம் போய்விட வேண்டாம். படங்களுக்குக் கண்ணாடி வெட்டி மரச்சட்டம் போட்டுத் தருகிற கடை வைத்திருந்தார். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கடையில் சட்டம் போடுவது அவர் தொழில். வீட்டில் சட்டம் போடுவது அவர் ஆசை. தொழிலாவது ஓரளவு நடந்தது.

"கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். காலேஜ் படிப்பு கட்டுப்படி ஆகாது."

மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்கில் வாசல் மேஜையில் உட்கார்ந்து, யார் எப்போது வர வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை அவளுக்கு.

"எந்தக் கணக்குங்க?"

"மூணு வருஷ ஃபீஸு. மூணு வருஷ பஸ்ஸு. புத்தகம். அப்புறம், அவ மூணு வருஷம் கடையில உக்காராததால எனக்கு வர்ற நஷ்டம்."

"அவ கடையில எப்ப உக்காந்தா?"

"உக்காரலையே. அதான் நஷ்டம்."

மகள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்காக அவள் அழவில்லை. அழுகிற பிள்ளையாக இருந்திருந்தால் சட்டக்காரருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போன வருஷம் அத்தை பையன் சேர்ந்தப்போ நீங்கதானேப்பா முன்பணம் குடுத்தீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

"வேறன்னா வேற. அவன் படிச்சா அது முதலீடு."

"நான் படிச்சா?"

"செலவு."

காசு ஒன்றுதான். பையன் பக்கம் போனால் முதலீடு, பெண் பக்கம் வந்தால் செலவு. ஆளைப் பார்த்துப் பெயரை மாற்றிக்கொள்ளும் இந்த அதிசயக் காசைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்களா என்று மகள் யோசித்தாள். நடத்தாவிட்டால் தானே போய் நடத்துவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தாள். அதற்கும் முதலில் உள்ளே போய்ச் சேர வேண்டும்.

உள்ளதைச் சொல்வதென்றால், சட்டக்காரருக்குக் கல்லாவில் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. வெளியாள் வைத்தால் சம்பளம் கேட்பான். மகள் சாப்பாடு மட்டும்தான் கேட்பாள். அதையும் அவளே சமைத்துக்கொள்வாள்.

"டிகிரி படிச்சு நீ என்னத்தக் கண்ட?" என்று மனைவி பக்கம் திரும்பினார். "ஃபோன் எடுக்கிற. ஃபோன் எடுக்க டிகிரி எதுக்கு?"

"அந்த ஃபோன் எடுக்கிற சம்பளத்துலதாங்க உங்க கடை வாடகை போகுது."

சட்டக்காரர் குரலை உயர்த்தினார். "எங்கிட்ட சாட்சி இருக்கு. ரெண்டு பேரும் கிளம்பி வாங்க."

கடை குறுகலானது. ஒரு பக்கம் கண்ணாடித் தகடுகள். இன்னொரு பக்கம் நீள நீளமாக மரச்சட்டங்கள். நடுவில் வெட்டுமேஜை. அதற்கு மேலே இருந்த சுவரைத்தான் சட்டக்காரர் கைநீட்டிக் காட்டினார். பழுப்புக் காகிதம் சுற்றிய ஏழு சட்டங்கள் தொங்கின. ஆறு கைக்கு எட்டும் உயரத்தில். ஏழாவது கூரைக்குப் பக்கத்தில், ஏணி போட்டால்தான் எட்டும் இடத்தில், தூசி படிந்து, காகிதத்தின் நிறமே தெரியாமல்.

"ஏழும் பட்டம். காலேஜ்ல குடுத்த சான்றிதழு. முழுப்பணமும் முன்னாடியே கட்டிச் சட்டம் போடச் சொன்னாங்க, போட்டு வச்சிருக்கேன். ஒருத்தன் எடுக்க வரலை. அதுக்கு ஒரு மதிப்பு இருந்தா வராம இருப்பானா? புட்டுப்புட்டு வைக்குது பாரு சுவரு."

பக்கத்துக் கடையிலிருந்து சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். பூட்டுக்குச் சாவி செய்கிறவர். சட்டக்காரர் பேச ஆரம்பித்தால் அவர் கையில் இருக்கிற சாவியை வைத்துவிட்டு வந்துவிடுவார். "அண்ணன் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு," என்றார். என்ன சொன்னார் என்று அதற்குப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அந்த மேல இருக்கிறது?" என்று மனைவி கேட்டாள்.

"அதா! அது எந்தக் காலத்துதோ. நம்ம கல்யாணத்துக்கும் முந்தினது. யாரு குடுத்தாங்கன்னே மறந்துபோச்சு. இருக்கிற ஏழுலயும் பெரிய ஏமாளி அந்த ஆள்தான். அப்புறம் வாழ்க்கையில என்ன ஆனாங்களோ பாவம்."

"கஷ்டப்பட்டிருப்பாங்க," என்றாள் மனைவி.

"பட்டிருக்கணும்!"

இந்த இடத்தில் சட்டக்காரர் நிறுத்தியிருக்கலாம். வெற்றி பெற்றவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. வெட்டுமேஜையை ஓங்கித் தட்டினார். "இப்பச் சொல்றேன், சாவிக்காரர் சாட்சி. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த ஏழையும் அவங்கவங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டா, சனிக்கிழமை காலையில நானே போய் வரிசையில நின்னு ஃபீஸ் கட்டறேன். ஒண்ணு மிஞ்சினாலும் திங்கட்கிழமையிலேர்ந்து இவ கல்லாவுல."

மகள் வாயைத் திறந்தாள். அவளிடம் பதினோரு ஆட்சேபணைகள் இருந்தன. மனைவி அவள் முழங்கையைப் பிடித்து லேசாக அழுத்தினாள்.

"சரிங்க," என்றாள் மனைவி. "சாயங்காலம் கடைச்சாவியை மட்டும் எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

சட்டக்காரர் ஐந்து மணிக்குக் கடையை மூடிவிடுவார். கதவிலேயே எழுதிப் போட்டிருந்தார். ஐந்தடித்தால் அவரும் சாவிக்காரரும் முனையில் டீ குடித்து, சதுரங்கப் பலகையை விரித்து, ஊரில் மற்றவர்கள் எல்லாம் எப்படித் தப்பாக வாழ்கிறார்கள் என்று இருட்டும்வரை அலசுவார்கள். மூடிய கடையின் சாவியை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்று கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி கிளினிக்கிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். மகள் ஆறு சட்டங்களையும் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் பென்சிலால் சட்டக்காரரே எழுதியிருந்த ஃபோன் நம்பர்களை வாசித்தாள். தாய் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள்.

"வணக்கம். உங்க பட்டம் எங்க கடையில பத்திரமா இருக்கு. எடுக்க நாளைக்கு ஆறரைக்கு வர்றீங்களா, ஏழேகாலுக்கு வர்றீங்களா? ஏழேகாலா? எழுதிக்கிட்டேன். நன்றி."

"வருவீங்களான்னே நீ கேக்கலையேம்மா!"

"கேட்கக் கூடாது. வருவீங்களான்னு கேட்டா, பல்வலி நின்னுபோச்சும்பாங்க. எப்பன்னுதான் கேட்கணும். குறடைப் பார்த்து ஓடுறவங்களையே நாற்காலியில உக்கார வச்சிருக்கேன். இவங்களுக்கு இங்க வலிக்கக்கூடப் போறதில்ல."

புதன்கிழமை மாலை சதுரங்கத்தில் ராணியை இழந்த கையோடு கடைப்பக்கம் வந்த சட்டக்காரர், விளக்கு எரிவதையும் உள்ளே ஆட்கள் நிற்பதையும் கண்டு திடுக்கிட்டார். மூன்று பட்டங்கள் ஏற்கெனவே போயிருந்தன. நான்காவதைக் கட்டிக்கொண்டு ஒரு பருத்த ஆள் புறப்படத் தயாராக இருந்தார்.

சட்டக்காரருக்கு ஒரு யோசனை பிறந்தது. பட்டம் போனால் போகட்டும், வாக்குமூலம் கிடைக்குமே! பருத்த ஆளை வாசலில் மடக்கினார்.

"ஒரு நிமிஷம் சார். மனசைத் தொட்டுச் சொல்லுங்க. இந்தப் படிப்பால உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

"ஒண்ணுமே இல்லீங்க. படிச்சது மண்ணைப் பத்தி. வேலை பார்க்கிறது கப்பல் கம்பெனியில."

சட்டக்காரர் முகத்தில் பல்பு எரிந்தது. "கேட்டுக்கோம்மா! மண்ணு!"

மகள் கேட்டுக்கொண்டாள். ஒரு கேள்வியும் கேட்டாள். "சார், இந்த மண்ணு இல்லாம அந்தக் கப்பல்ல ஏத்தியிருப்பாங்களா?"

"வாசல்லயே நிறுத்தியிருப்பாங்கம்மா."

பல்பு லேசாக மங்கியது. சட்டக்காரர் விடவில்லை. "அப்ப இத்தனை நாளா ஏன் சார் எடுக்க வரலை? மதிப்பில்லைன்னுதானே?"

"யாரு சொன்னது வரலைன்னு? நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் கடை பூட்டியிருந்துச்சு. அஞ்சு மணிக்குக் கடையைச் சாத்தினா, வேலைக்குப் போறவன் எப்படிங்க வருவான்? வேலை இல்லாதவன்தான் வர முடியும்."

சாவிக்காரர் தலையாட்டினார். "இவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

"நீ போய்ப் பூட்டைப் பாரு," என்றார் சட்டக்காரர்.

வியாழக்கிழமை ஒரு நர்ஸம்மா வந்தார். டூட்டி உடையிலேயே வந்திருந்தார். அவரிடமும் கேட்டுப் பார்த்தார் சட்டக்காரர். இது நர்ஸ் படிப்புப் பட்டம் இல்லையாம். வேலையில் சேர்ந்த பிறகு தபால் வழியில் படித்த வரலாறாம். சம்பளம் ஒரு காசு ஏறவில்லையாம்.

"பார்த்தியா! காசு ஏறலை! அப்புறம் எதுக்கும்மா சட்டம், கண்ணாடியெல்லாம்?"

"சாப்பாட்டு மேஜையில என் நாற்காலிக்கு மேல மாட்டப் போறேன். என் வீட்டுக்காரர் பேசும்போது குறுக்கே பேசாதேன்னு அடிக்கடி சொல்வாரு. இனிமே அவரு யாரைப் பார்த்துச் சொல்றார்னு அவருக்கே தெரியட்டும்."

மகள் அந்தப் பட்டத்தைத் தானே கயிறு கட்டி, பஸ் நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அவள் நடையில் ஏதோ கூடியிருந்தது. சட்டக்காரருக்கு அந்த நடை பிடிக்கவில்லை. இன்னொருத்தர் இருட்டிய பிறகு ஓடி வந்து ஆறாவதை எடுத்துக்கொண்டு, "நீங்க மகராசியா இருக்கணும்," என்று மனைவியை வாழ்த்திவிட்டுப் போனார். சட்டம் போட்டவரை ஒருவரும் வாழ்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை. சுவரில் ஏழாவது மட்டும் இருந்தது.

சட்டக்காரர் அன்று டீக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கு மேல் தன் கடையில் தானே இருப்பது அவருக்குப் புது அனுபவம். கடை அவருக்கே அந்நியமாகத் தெரிந்தது. மனைவியும் மகளும் வந்தார்கள். சாவிக்காரர் சாட்சி என்கிற பதவியை மறக்காமல் வந்து நின்றார்.

மணி ஏழைத் தாண்டியது. ஒருவரும் வரவில்லை.

"ஃபோன் பண்ணியாச்சா?" சட்டக்காரர் குரலில் தேன் வழிந்தது.

"இதுக்குப் பண்ணலீங்க."

"எப்படிப் பண்ணுவ? நம்பரே கிடையாது! நான் அன்னைக்கே சொன்னேன். அந்த ஆறும் விதிவிலக்கு. உண்மையான பட்டம் இதுதான். யாரோ காசைக் கொட்டிப் படிச்சு, காசைக் கொட்டிச் சட்டமும் போட்டு, சல்லிக்குப் பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கலை. மக்கு! ஆனா கடைசியில புத்தி வந்த மக்கு." மகளைப் பார்த்து, "திங்கட்கிழமை சீக்கிரம் எழுந்திரிக்கணும். கல்லாவைத் துடைக்கணும்," என்றார்.

மகள் தாயைப் பார்த்தாள். இந்த நான்கு நாளில் முதல் தடவையாக அவள் கண் கலங்கியிருந்தது.

"அதைக் கொஞ்சம் இறக்குங்களேன்," என்றாள் மனைவி. "யாரு அந்த மக்குன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

சட்டக்காரர் உற்சாகமாக ஏணியில் ஏறினார். இறங்கினார். தூசிக்கு இரண்டு முறை தும்மினார். காகிதத்தைக் கிழித்தார். கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பெயரை வாசிக்கத் தொண்டையைச் செருமினார்.

வாசிக்கவில்லை. மனசுக்குள் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவருடைய கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த அதே பெயர்.

"இது... உன்னோடது."

"ஆமா."

சட்டக்காரருக்கு மெதுவாக ஞாபகம் வந்தது. ஒரு பெண் கடைக்கு வந்தாள். எதையோ சட்டம் போடக் கொடுத்தாள். மறுநாள் வந்து கேட்டாள். நாளைக்கு வாங்க என்றார். வந்தாள். நாளைக்கு வாங்க என்றார். அவள் வந்து வந்து போனதில் பேச்சு வளர்ந்து, பேச்சு கல்யாணத்தில் முடிந்தது. வேலையும் அதற்கிடையில் முடிந்துதான் இருந்தது. தூக்கிக் கொடுக்கத்தான் மறந்திருந்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டு வாங்கன்னேன். நாளைக்குக் கொண்டாரேன்னீங்க."

"நீ அப்புறம் கேட்கவே இல்லையே!"

"கேட்டேனே. முதல் ரெண்டு வருஷம் கேட்டேன். அப்புறம், இருக்கிற இடத்துலயே இருக்கட்டும், என்னைக்காவது உதவும்னு விட்டுட்டேன்." அவர் கையிலிருந்து சட்டத்தை வாங்கினாள். "பணம் அன்னைக்கே கட்டியாச்சு. சொந்தக்காரி வந்துட்டேன். எடுத்துக்கிறேன்."

"ஏழும் போச்சு அண்ணே," என்றார் சாட்சி.

சட்டக்காரர் காலிச் சுவரைப் பார்த்தார். மனைவியின் இடுப்பில் ஏறியிருந்த பட்டத்தைப் பார்த்தார். கடைசியாக ஒரு வழி தென்பட்டது. பாய்ந்து அதன் மூலையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு இரு! சட்டம் கோணலா இருக்கு பாரு. இப்படியே குடுத்தா கடைப் பேரு என்னாகிறது? வச்சுட்டுப் போ, சரி பண்ணித் தர்றேன்."

"எப்பக் கிடைக்கும்?"

இத்தனை வருஷப் பழக்கம். யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"நாளைக்கு வாங்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயின் கையிலிருந்த பட்டத்தை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு வந்தா ஆள் இருக்க மாட்டாரும்மா. காலேஜ்ல ஃபீஸ் கட்டற வரிசையில நிப்பாரு."