சர்வே எண் 212-இல் ஒரு வேளாண் விபத்து

அறுபத்து மூன்றாம் ஆண்டில் நெய்வேலியில் சாலை விபத்துகள் அறவே ஒழிந்தன என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒழித்தது சாலை விபத்துப் புள்ளிவிவரப் பிரிவு. அதில் நாங்கள் பதினொரு பேர். வாசல் பலகையில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்ற தலைப்பின் கீழ் தினமும் ஒன்று கூட்டி எழுதுவது என் உத்தியோகம். நூறைத் தொட்டால் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் என்று மேலிடத்து உத்தரவு.

பலகை 98-இல் இருந்த வியாழக்கிழமை, கான்ட்ராக்ட் கூலி கொளஞ்சியப்பனை, சுரங்கத்துக்குப் போகும் செம்மண் ரோட்டில் ஒரு மண் லாரி இடித்துக் காலை முறித்தது. பாவி மனுஷன், இன்னும் மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது.

மத்தியானமே அவன் பெண்சாதி பாப்பா வந்துவிட்டாள்.

“திங்கக்கெழம அவருக்கு பர்மனென்ட் இன்டர்வியூங்க. மாவுக்கட்டு போட்டுகினு படுத்துக் கெடக்குறாரு. ரோட்டுல அடிபட்டாருன்னு ஒரு சீட்டு குடுத்தீங்கன்னா வேற தேதி தருவாங்களாம். இல்லன்னா வேலை போயிடும்ங்க.”

எங்கள் அதிகாரி தெய்வசிகாமணி நிலப் பதிவேட்டைப் புரட்டினார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

“எந்த ரோடும்மா? அந்தச் செம்மண் ரோடு இன்னும் முறைப்படி ஒப்படைக்கப்படலையே. பதிவேட்டில் சர்வே எண் 212, புன்செய். உரிமையாளர்... அட, கொளஞ்சியப்பன்!”

“அது போன வருசம் எங்ககிட்ட எடுத்துகினு ரோடு போட்டீங்களே சார்!”

“எடுத்தது வாஸ்தவம். எழுதலையே. உன் புருஷன் அடிபட்டது அவன் சொந்தக் கொல்லையில். இது வேளாண் விபத்து. எங்கள் பிரிவில் வராது.”

பாப்பா சர்வே எண்ணை ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். வெள்ளிக்கிழமை நான் 99 எழுதினேன்.

சனிக்கிழமை காலை ஷிப்டுக்குப் போன பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. பின்னால் ஏழு லாரி. ஓடிப்போய்ப் பார்த்தோம். அதே செம்மண் ரோட்டின் குறுக்கே முள்வேலி. நடுரோட்டில் கயிற்றுக் கட்டில் போட்டு, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு கொளஞ்சியப்பன் படுத்திருந்தான். பக்கத்தில் பாப்பா மண்ணைக் கொத்தி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏய்! இது ரோடுய்யா!” என்று கத்தினார் தெய்வசிகாமணி.

“ரோடுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். ஒடனே நவுந்துக்குறேன்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். ரோடு என்று எழுதினால் அது சாலை விபத்து, பலகையில் பூஜ்யம். எழுதாவிட்டால் அது மல்லாட்டைக் கொல்லை. சுரங்கத்துக்கு ஆள் போகாது. பேனாவை மூடினார்.

“உனக்கு என்னதான்யா வேணும்?”

“பர்மனென்ட் வேலைங்க.”

அதிகாரி வாக்குக் கொடுத்தார்; வேலி பத்து மணிக்குப் பிரிக்கப்பட்டது. மேலிடத்துக்குத் தந்தி பறந்து, சாயங்காலத்துக்குள் உத்தரவும் வந்தது. ‘விபத்துத் துறையில் நேரடி முன் அனுபவம் உள்ளவர்’ என்ற தகுதியின் பேரில் கொளஞ்சியப்பன் எங்கள் பிரிவிலேயே நியமிக்கப்பட்டான். நான் 100 எழுதினேன். டம்ளர் பன்னிரண்டு வந்தது. எனக்கு உள்ளபடியே சந்தோஷம். ஏழைக்கு ஒரு வழி பிறந்ததே! இனி அடிபட்டு வருகிறவர்களின் கஷ்டம் தெரிந்த ஒருத்தன் ஆபீசில் இருப்பான் என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து, மோர் விற்கும் செல்லக்கிளி கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வந்தாள். கொளஞ்சியப்பனின் ஊர்க்காரிதான். அவன் எவர்சில்வர் டம்ளரில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தான்.

“ஜீப்பு இடிச்சிட்டுதுண்ணே. ரோட்டோரமாத்தான் போய்கினு இருந்தேன்.”

“ரோடுன்னு யாரு சொன்னது? எடத்தச் சொல்லு.”

“என்னண்ணே தெரியாத மாதிரி கேக்குற? நீ கட்டில் போட்டுகினு படுத்திருந்தியே, அதே எடந்தான்.”

கொளஞ்சியப்பன் பதிவேட்டை எடுத்தான். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். அப்புறம் நிமிர்ந்து, கண்டிப்பான குரலில் கேட்டான்:

“சர்வே எண் 212, புன்செய். எங் கொல்லைக்குள்ள உனக்கு என்ன வேலை?”

நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பலகையில் ஒன்று கூட்டினேன்.