அலட்சியம் என்ற சொல்லை நீக்கக் கோரி

பாசிர் ரிஸ்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் ரத்னவேல் அவர்களுக்கு,

மருதப்பன் பணிவுடன் எழுதுவது. நலம். அறுவை செய்த முழங்காலோடு உங்களை ஃபேரர் பார்க்கிலிருந்து அலையவிடலாமா என்று மூன்று நாள் யோசித்த பிறகே எழுதுகிறேன்.

மார்ச் மாதச் சூறைக்காற்றில் ஹால் சன்னல் உடைந்து சோபா நனைந்தது உங்களுக்குத் தெரியும். அன்றே காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். "அங்கிள், எதையும் தொடாதீங்க, நகர்த்தாதீங்க, எங்க ஆள் வந்து பாக்கணும்" என்றது ஒரு பெண்குரல். நான் தொடவில்லை. ஈரம் ஏறிய உயரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி போட்டேன். ஏழு வாரம் யாரும் வரவில்லை. இதற்குள் உங்கள் தங்கையின் முதலாண்டுத் திதி வந்துவிட்டது, நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், ஐயர் வந்து பார்த்தால் உட்கார இடமில்லை, சோபாவைக் கொஞ்சம் தள்ளுங்களேன் என்கிறார், நான் கையைப் பிசைகிறேன், கடைசியில் வெளியே தாழ்வாரத்தில் பாய் போட்டாச்சு, பக்கத்து வீட்டு அஹ்சன் லிஃப்டில் வருகிறவர்களை எல்லாம் "அந்தப் பக்கம் போங்க லா, இங்க திதி நடக்குது" என்று திருப்பிவிட்டுக்கொண்டு நின்றார். சைக்கிளோடு வந்த ஒரு சீனப் பெரியவர் மட்டும் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

எட்டாவது வாரம் ரஞ்சன் என்ற மதிப்பீட்டாளர் வந்தார்.

"இது மழைத் தண்ணி இல்ல அங்கிள், பூஞ்சை. இவ்வளவு நாளா ஏன் காய வைக்கல?"

"நீங்கதான் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க..."

"அது கஸ்டமர் சர்வீஸ் லா. நான் வேற டிபார்ட்மெண்ட்."

பென்சில் கோடுகளைக் காட்டினேன். "நல்லா இருக்கு அங்கிள்" என்றார்.

பிறகு கடிதம் வந்தது. இழப்பீடு கிடையாது. சேதத்துக்குக் காரணம் வீட்டுக்காரரின் அலட்சியமாம்.

மச்சான், அவர்கள் சோபாவைப் பற்றித்தான் எழுதினார்கள். ஆனால் பாக்கியலட்சுமி நெஞ்சை அழுத்துது என்று சொன்ன காலையில், வாயுவா இருக்கும், சுக்குத் தண்ணி குடி என்றவன் நான். அவளுடைய அண்ணனான நீங்கள் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. முன்பின் தெரியாதவர்கள் அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். சோபா போனால் போகிறது. அந்தச் சொல்லை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

காப்புறுதிப் புகார்களை விசாரிக்கும் நிலையத்தில் வரும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அழைத்திருக்கிறார்கள். எனக்கு நாக்கு எழாது. பேச வேண்டியதை நான்கு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், நீங்கள் வாசித்தால் போதும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
மருதப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். புகாரை வாபஸ் வாங்கினால் நல்லெண்ணத்தோடு பாதித் தொகை தருகிறார்களாம். கடிதத்தில் எழுதியது எழுதியபடியே இருக்குமாம். "பணத்தை நீங்களே வச்சுக்கங்க. அந்த வார்த்தையை எடுங்க" என்றேன். அஹ்சன் ஓடிவந்து கதவைத் தட்டி, "யாரு அங்கிள் உள்ள கத்துறது?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை நீங்கள் வர வேண்டாம் மச்சான். நான் பேசிக்கொள்கிறேன்.