பச்சை விண்மீன் மாய்ந்த படலம்

வாழ்க அவன்! பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் ஈயக் கவசம் பூண்டு, எக்ஸ்ரே எந்திரத்தின் பொத்தானைப் பெருவிரலால் ஆளும் பெருந்தகை. கடைவாய்ப்பல் வலியால் துடித்து வருவோர் எத்தகைய சூரராயினும், "ஆடாதீங்க" என்னும் ஒற்றை ஆணையால் அவர்களைக் கற்சிலையாய்ச் சமைக்க வல்ல கோமான். சக ஊழியரால் 'ஆடாதே அண்ணன்' என்று அன்போடும், அவன் இல்லாதபோது சிரிப்போடும் அழைக்கப்படும் ஏந்தல், வாழ்க! அவன் புகழ் பாடப் புகுந்த என் நாக்கு குழறாதிருப்பதாக. பாதியில் கரண்ட் போகாதிருப்பதாக. கேட்க உட்கார்ந்தவர்களுக்கு நடுவில் போன் வராதிருப்பதாக.

பகலில் மானிடர் அவன் சொல்லுக்கு அடங்கினர். இரவிலோ, ஐயகோ, பூமி அடங்கவில்லை! அது பாட்டுக்குச் சுழன்றது.

அவனுக்கு வானத்தைப் படம் பிடிக்கும் பித்து. வானத்தின் மங்கலான ஒளியைச் சேர்க்கக் கேமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் இந்தப் பூமி உருண்டு தொலைக்கும்; விண்மீன்கள் புள்ளியாய் விழாமல் புழுவாய் நெளியும். அதன் திமிரை அடக்கவென்றே ஒரு சுழல்பீடம் உண்டு. பூமி ஒரு பக்கம் சுற்ற, அது எதிர்ப்பக்கம் சுற்றிக் கேமராவை ஒரே விண்மீனின்மேல் நிறுத்தும். ஆனால் பீடத்தின் அச்சு வானத் துருவத்தைக் குறிபார்த்து நிற்க வேண்டும். வடக்கே வாழ்வோர் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் துருவத்தில் பளிச்சென்று ஒரு விண்மீன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, நம் கோமானைப் போல் வாழ்வோர்க்கு என்ன உண்டு? நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு, அதுவும் மனசு வைத்தால் மட்டும் தெரிகிற ஒரு மங்கல் பொட்டு. வடக்கே விளக்கேற்றிய கை தெற்கே வருவதற்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டது போலும். இந்த ஓரவஞ்சனையை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவனுக்கு வராதா?

அந்தப் பொட்டைத் தேடி அவன் மூன்று ஆண்டுகள் போரிட்டான். மூன்று ஆண்டுகளும் புழுக்களே விளைந்தன.

இனி அவன் இல்லாளைப் பாடுவேன். அளவுநாடாவை ஆரமாய் அணிந்தவள். குண்டூசிகளைப் பல்லிடுக்கில் பற்றியபடியே பால்காரரோடு பேரம் பேச வல்லவள். அத்தெருவின் ஜன்னல்களுக்கெல்லாம் திரைச்சீலை தைத்து மானம் காத்த மாதரசி. வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்துக் காயவைப்பது அவள் தொழில்நெறி. இல்லையேல் தைத்த பின் சுருங்கி, ஜன்னலின் அடியில் ஒரு சாண் இடைவெளி பல்லிளிக்கும். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால், பொழுது சாய்ந்த பிறகே மொட்டை மாடியில் காயப்போடுவாள். அதுவும் காற்று நன்றாக வரும் தென்கோடியில். ஆம், தென்கோடியில்! எந்தத் திசையில் துருவம் உறைந்ததோ, அந்தத் திசையை மறித்து இரவுதோறும் ஈரத்துணிகள் கோட்டை மதிலாய் எழும்பின. மதிலுக்கு மேலே எம்பிப் பார்த்தும், கீழே மண்டியிட்டுப் பார்த்தும், கழுத்துச் சுளுக்கியதே வீரன் கண்ட பலன்.

அவளுக்கும் ஒரு குறை இருந்தது. வீட்டின் சின்ன அறையை அவனுடைய தொலைநோக்கிக் குழாய்களும் முக்காலிகளும் அட்டைப்பெட்டிகளும் ஆக்கிரமித்திருக்க, அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்குப் போகும் வழியில் கிடந்தது. அதில் இடித்துக்கொள்ளாத இடுப்பு அவ்வீட்டில் இல்லை.

ஓர் அமாவாசையன்று, மேகம் துளியும் இல்லாத மாலையில், கோமான் அவள்முன் நின்று முழங்கினான்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் கொடியைக் காலி பண்ணிக் கொடு. தெற்கு தெரிஞ்சா போதும். இன்னிக்கு எடுத்துக் காட்டறேன் பாரு!"

அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பின்பு தீர்ப்புரைத்தாள்.

"காலி பண்றேன். ஆனா விடியறதுக்குள்ள ஒரு படம் வரணும். ஒண்ணே ஒண்ணு, பாக்கற மாதிரி. வரலைன்னா அந்த ரூம் எனக்கு. உங்க குழாயெல்லாம் பரண்மேல போயிடும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சம்மதம்!" என்றான் அவன். பரண் என்ற சொல் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வீரர்கள் அதை வெளிக்காட்டுவதில்லை.

கேளுங்கள், அவன் படையெடுத்த கோலத்தை! தோளில் முக்காலி. கக்கத்தில் சுழல்பீடம். மார்பில் நெடுங்குழல் லென்ஸ் பூட்டிய கேமரா. பனித்துளி லென்ஸில் படிந்தால் ஊதி விரட்ட, மனைவியின் தலைமயிர் உலர்த்தி. இருட்டுக்குப் பழகிய கண் கெடாதிருக்க நெற்றியில் சிவப்பு விளக்கு. அதே காரணத்துக்காகக் கேமராவின் பின்திரைமேல் கறுப்பு டேப்பையும் ஒட்டியிருந்தான். எடுத்த படத்தை விடியும் முன் பார்ப்பதில்லை என்பது அவன் விரதம். அந்த டேப்பை நினைவில் வையுங்கள், பின்னால் நான் அதைத் திட்டப்போகிறேன்.

ஏறினான். நிமிர்ந்தான். அடடா, அந்த வானம்! கேலி பேச வந்த நானும் இங்கே கொஞ்சம் வாயடைத்து நிற்கிறேன். கிழக்கிலிருந்து மேற்குவரை பால்வழி கொட்டிக் கிடந்தது. அதன் நடுவே தென்சிலுவை சாய்ந்து நின்றது. சிலுவையின் அருகே ஒளியையெல்லாம் விழுங்கிய கருமுகில் ஒன்று, வெண்துணியில் மை கொட்டிய கறைபோல. உச்சியை ஒட்டி அகத்திய மீன் கண்கொட்டாமல் விழித்திருந்தது. தெற்கே தனித்தனியாய் இரண்டு வெண்திட்டுகள், மகெல்லன் முகில்கள். முகில் என்பது பெயரளவில்தான். இரண்டும் நம் பால்வழிக்கு அண்டை வீட்டு விண்மீன் திரள்கள். வடக்கே மிகத் தொலைவில் இருப்போர் இவற்றைத் தலைகீழாய் நின்றாலும் பார்க்க முடியாது. அந்த ஒரு நியாயமாவது நடந்திருக்கிறது.

கிளிப்புகளைக் களைந்து, அவள் விட்டுவைத்த கடைசித் துணியையும் கொடியிலிருந்து உருவினான். மதில் வீழ்ந்தது. தெற்கு திறந்தது.

திறந்த தெற்கில், அவன் குறிபார்த்த இடத்தில், ஒரு விண்மீன்! மங்கலல்ல, பொட்டல்ல, மரகதத்தைப் பட்டை தீட்டிப் பதித்தாற்போல் பச்சைப்பசேல் என்று ஒளிர்ந்தது. அவன் நெடுநேரம் அதையே நோக்கினான். மற்ற விண்மீன்கள் யாவும் நகர்ந்தன. அது நகரவில்லை. மயிரிழையும் நகரவில்லை! வாழ்நாளில் முதல்முறையாக ஒன்று, அவன் சொல்லாமலேயே ஆடாமல் இருந்தது.

"இதுதான்!" என்று அவன் வாய் முணுமுணுத்தது. துருவ மீன் மங்கலாய் இருக்கும் என்றன நூல்கள். அந்த நூல்களை எழுதியவர்கள் வடக்கத்தியர்கள். அவர்களுக்குத் தெற்கின்மேல் என்றைக்கு நல்லெண்ணம் இருந்தது? பச்சை நிறத்தில் விண்மீனே கிடையாது என்றும் நூல்கள் கூறின. ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதினால் அப்படித்தான் எழுத வரும். இவ்வாறு அறிவியலை நான்கே மூச்சில் புறமுதுகிடச் செய்த வீரன், சுழல்பீடத்தின் அச்சை அந்தப் பச்சை விண்மீனுக்கு நேராகத் திருகி இறுக்கினான். பெரிய மகெல்லன் முகிலை நோக்கிக் கேமராவைத் திருப்பினான். கண் திறந்தது, மூடியது. மீண்டும் திறந்தது, மூடியது. சுழல்பீடம் கடமையே கண்ணாய்ச் சுழன்றது. டேப்புக்கு அடியில் என்ன விளைகிறதென்று அவனுக்குத் தெரியாது. நாசமாய்ப் போக அந்த டேப்!

இரவு பாதி கழிந்தபோது அது நிகழ்ந்தது. பச்சை விண்மீன் ஒருமுறை சிமிட்டியது. பின்பு குருதி நிறம் கொண்டது.

வீரன் முக்காலியைப் பற்றிக்கொண்டான். ஒரு விண்மீன் சாகிறது! கோடானுகோடி ஆண்டுகள் எரிந்த பெருஞ்சுடர், எக்ஸ்ரே எடுப்பவன் ஒருவனின் கண்முன்னே, அவன் மொட்டை மாடிக்கு நேராக உயிர்விடுகிறது! தன்னைப் போல் வானத்தைப் படம் பிடிப்போரின் போன் குழுவுக்குச் செய்தி விடுத்தான்: 'தென்துருவ விண்மீன் சற்றுமுன் மறைந்தது. நேரில் கண்டேன்.'

குழுத் தலைவர் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பட்டப்பெயர் 'கேலக்ஸி'. தூக்கக் கலக்கத்தில் முதல் பதில் அவரிடமிருந்தே வந்தது: 'ஆழ்ந்த இரங்கல். எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?'

அதைப் படிக்க வீரன் அங்கில்லை. படிகளில் பாய்ந்திறங்கி, மனைவியின் கட்டிலருகே நின்றிருந்தான்.

"எழுந்திரு! ஒரு நட்சத்திரம் செத்துப்போச்சு!"

"யாரு செத்தது?" என்று பதறி எழுந்தவள், விவரம் தெரிந்ததும் முறைத்தாள். ஆயினும் அவன் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு, பின்னால் ஏறி வந்தாள். அவன் தெற்கே கைநீட்டினான். சிவந்த சுடரை அவள் ஒருகணம் நோக்கினாள்.

"இதுவா? இது பின்வீட்டு டேங்க்குங்க."

"என்னது?"

"அவங்க தண்ணி டேங்க்ல புதுசா லைட்டு வெச்சிருக்காங்க. ரொம்பி இருந்தா பச்சை, காலியானா சிவப்பு. ராத்திரி ராத்திரி துணி மறைச்சுக்கிட்டு இருந்ததால நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இருங்க, இப்ப மோட்டார் போடுவாங்க."

பின்வீட்டில் மோட்டார் போட்டார்கள்.

ஐயகோ! இமயம் சரிந்ததென்பேனா, கடல் வற்றியதென்பேனா? அதெல்லாம் பெரிய பேச்சு. அவன் கறுப்பு டேப்பைப் பிய்த்து எறிந்தான். திரையில் பெரிய மகெல்லன் முகில் முழுவதும் மண்புழுக்கள். எல்லாப் படத்திலும் கொழுத்த, செழித்த மண்புழுக்கள். அவன் முக்காலியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கலானான். "காலையிலயே ரூமைக் காலி பண்ணிக் கொடுத்துடறேன்" என்றான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அதற்குக்கூடத் தெம்பில்லை. பாவம், எனக்கே கேலி செய்ய வாய் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால், அவள் கைக்குக் கிடைத்த துணியைத் தரையில் விரித்து உட்கார்ந்து, அண்ணாந்திருந்தாள்.

"ஏங்க, அங்க ரெண்டு மேகம் மட்டும் நகராம நிக்குதே?"

"அது மேகமில்ல. பக்கத்துல இருக்கற நட்சத்திரக் கூட்டம். ரெண்டும் வேற வேற."

"இதையா இத்தனை நாள் தனியா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

"கூப்பிட்டாதானே வர்றதுக்கு? எங்க, பெருசு எது?" என்று கேட்டு, எழுந்து நின்று, இதுவா என்பதுபோல் ஒன்றை விரலால் காட்டினாள்.

அக்கணம் நம் கோமானின் நெஞ்சில் மின்னலடித்தது! சுழல்பீடத்தைத் தூர எறிந்தான். நெடுங்குழல் லென்ஸைக் கழற்றி, வானமெல்லாம் கொள்ளும் அகல லென்ஸைப் பூட்டினான். அகலப் படத்துக்குச் சிறுபொழுது போதும். அதற்குள் பூமி செய்யும் சேட்டை கண்ணில் படாது. கேமராவை வெறும் முக்காலியில் நிறுத்தி, பகலெல்லாம் பல்வலிக்காரர்களை ஆண்ட அந்த மாபெரும் ஆணையைப் பிறப்பித்தான்.

"ஆடாதே!"

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

பூமி சுழன்றது. பால்வழி நகர்ந்தது. அவள் ஆடவில்லை.

திரையில் படம் விழுந்தது. இரு முகில்களும் தென்சிலுவையும் புள்ளி புள்ளியாய்த் தெளிந்திருக்க, கீழே கருநிழலாய் ஒரு பெண், பெரிய முகிலைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் பின்வீட்டு டேங்க்கின் சிவப்பு விளக்கும் இருந்தது. அவள் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். வீரனின் நெஞ்சம் போர்முரசாய் அதிர்ந்தது.

"மூஞ்சியே தெரியல. இடுப்பு வேற இவ்வளவு பெருசாவா இருக்கு?"

அவன் வாய் திறக்கவில்லை. அவன் செய்த வீரச்செயல்களில் ஆகச்சிறந்தது இதுவே என்பது என் கருத்து.

"சரி, படம் வந்துடுச்சு. சொன்னா சொன்னதுதான், குழாய் பரணுக்குப் போகாது. ஆனா ரூமைப் பாதியா பிரிச்சுக்கலாம். ஜன்னல் பக்கம் மெஷின், கதவுப் பக்கம் உங்க குழாய். அடுத்த அமாவாசைக்கு என்னையும் எழுப்புங்க. யாராவது செத்தாதான் எழுப்பணும்னு இல்ல."

இவ்வாறு துருவமற்ற திசையில் துருவம் தேடி, வடக்கத்திய நூல்களை வென்று, தண்ணீர்த் தொட்டிக்காகக் கண்ணீர் வடித்து, குழு முழுவதற்கும் இரங்கல் திரும்பப் பெறும் செய்தி அனுப்பி, ஆடும் பூமியின்மேல் ஆடாத ஒருத்தியைக் கண்டடைந்து, அரை அறையை மீட்ட அந்த அண்ணலின் புகழ், அகத்திய மீன் உள்ளளவும் தென்திசையெங்கும் ஓங்கி, உயர்ந்து, பரந்து, விரிந்து, அவள் விரித்து உட்கார்ந்த வெண்துணியைப் போலவே...

அது எதிர்வீட்டு ஜன்னலுக்கு வைத்திருந்த துணி என்பதால், மறுநாள் அதை மறுபடி துவைத்து அதே கொடியில் காயப்போட்டார்கள்.