கல்லு மேடத்தின் செவ்வந்திக்கல்

தில்லியில் கழுத்தில் கல்லை மாட்டிக்கொண்டு அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பவர்கள் எக்கச்சக்கம். மாட்டிக்கொண்டு, "இதுக்கு ஒரு சக்தியும் கிடையாது" என்று ஊரோடு சண்டை போட்டவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். எங்கள் மயூர் விஹார் குடியிருப்பின் கல்லு மேடம்.

மத்திய அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் கனிமங்களோடு குடும்பம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். தினம் ஒரு கல். வெள்ளிக் கம்பியில் அவரே கட்டிக்கொள்வார். சில கற்கள் கொழுக்கட்டை அளவு இருக்கும். அவற்றை மாட்டிய நாளில் லேசாகக் குனிந்தே நடப்பார். "அழகா இருக்கு, போட்டுக்கறேன். இதுல உங்களுக்கு என்னய்யா பிரச்சினை?" என்பார்.

யார் நம்பினார்கள்? மூன்றாம் மாடிக்காரர் அவரை லிஃப்டில் மடக்கினார்.

"மேடம், பையனுக்கு மேத்ஸ் வரலை. ஏதாவது கல்லு..."

"மேத்ஸ் போட்டா மேத்ஸ் வரும்."

மூன்றாம் மாடிக்காரர் என் காதில் கிசுகிசுத்தார்: "பாத்தீங்களா, மறைக்கறாங்க. பவர்ஃபுல் கல்லு போல."

அப்பளம் வாங்க நானும் மேடமும் ஐ.என்.ஏ. மார்க்கெட் கிளம்பிய அன்று இன்னும் மோசம். மெட்ரோவில் சோதனை செய்த பெண் காவலர், மேடத்தின் மஞ்சள் கல்லைப் பார்த்துத் தங்கமா என்று கேட்டுவிட்டாள். இரும்பும் கந்தகமும் சேர்ந்தால் எப்படி மின்னும் என்று மேடம் ஹிந்தியில் பாடமே எடுத்தார். பின்னால் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. முழுவதையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அச்சா மேடம்ஜி, சீக்கிரம் கல்யாணம் ஆக இது நல்லதா?" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி செல்விக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பயத்தில் ஆபரேஷன் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். இனியும் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னைத் திட்டினார். செல்வியோ, "மேடம்கிட்ட ஒரு கல்லு வாங்கிட்டு வாங்க, வரேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஓடினேன். "காப்பாத்தும்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்துடுங்க மேடம்."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?" கதவைச் சாத்திவிட்டார். வந்த ஆத்திரத்தில் அவர் வாசலில் கிடந்த செருப்பை உதைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவரே வந்தார். தன் கழுத்திலிருந்த ஊதா நிறச் செவ்வந்திக்கல்லைக் கழற்றி செல்விக்குப் போட்டுவிட்டார்.

"இது என்னைக் காப்பாத்துமா மேடம்?"

மேடம் என்னைப் பார்த்தார். ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். "காப்பாத்தும்மா" என்றார். ஜனவரிக் குளிரில் அவருக்கு வேர்த்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மேடமும் கூடவே வந்தார். அங்கே, நகை எதுவும் கூடாது என்று கல்லையும் கழற்றச் சொன்னாள் நர்ஸ். போச்சு, இவள் திரும்பி வீட்டுக்கு நடக்கப் போகிறாள் என்று நினைத்தேன். செல்வி அலட்டிக்கொள்ளவே இல்லை. கழற்றி மேடம் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மூன்று மணி நேரம் மேடம் அதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் விரல்களைப் பிரித்தார். உள்ளங்கை முழுக்கக் கல்லின் தடம்.

வீடு திரும்பியதும் செல்வியிடம் கேட்டேன். "கல்லைக் கழட்டினப்ப உனக்குப் பயமா இல்லையா?"

"அவங்க பொய் சொல்றாங்கன்னு மூஞ்சியைப் பாத்தப்பவே தெரிஞ்சு போச்சுங்க. இத்தனை வருஷமா யாருக்கும் சொல்லாத பொய்யை எனக்காகச் சொன்னாங்க. அதுக்கப்புறமும் நான் எப்படிங்க வீட்லயே உக்காந்திருக்கறது?"